ஒரே வீட்டில் இரண்டு செய்தி

கல்யாணமான புதிதில் ஒரு நாள் காலை, பல் தேய்த்துக்கொண்டே அவன் உளறிய ஒரு வார்த்தைதான் அந்த வீட்டுச் சட்டத்துக்குக் காரணம். நூல் ஆலையை இழுத்து மூடப்போகிறார்கள் என்று வாய் நிறைய நுரையோடு சொன்னான். அவள் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டாள், வேலைக்குப் போனாள், ரேடியோவின் காலைச் செய்தியில் முதல் செய்தியாக வாசித்துவிட்டாள். அன்றைக்குப் பார்த்துப் பத்திரிகை வண்டி வழியில் படுத்துவிட்டது. அவன் எழுதியது ஊருக்குள் வந்து சேர்வதற்குள் செய்தி ஆறிப்போயிருந்தது. பெண்டாட்டி வாசித்து முடித்ததைப் புருஷன் எழுதி விற்கிறான் என்று டீக்கடைக்கு டீக்கடை சிரித்தார்கள். நீ சம்பளம் வாங்குவது இங்கேயா, ரேடியோவிலா என்று ஆசிரியர் அவனைக் கூப்பிட்டுக் கேட்டார்.

அன்று சாயங்காலம் நடந்த சண்டையில் சட்டம் பிறந்தது. செருப்பைக் கழற்றும் இடத்திலேயே செய்தியையும் கழற்றிவிட வேண்டும். வீட்டுக்குள் பால் திரிந்ததைப் பேசலாம், குழாய் ஒழுகுவதைப் பேசலாம், யார் யாரை முறைத்தார்கள் என்பதை மணிக்கணக்கில் பேசலாம். கோர்ட்டில் என்ன நடந்தது, ரேடியோ ஸ்டேஷனுக்கு என்ன வந்தது என்றால் மட்டும் மூச்சு விடக்கூடாது. இருவரும் அதை அப்படிக் கட்டிக் காத்தார்கள். பெருமையாகவே சொல்லிக்கொண்டார்கள்.

தெருவில் அவனுக்குக் கோர்ட்டு என்று பெயர். பத்திரிகையில் வழக்குச் செய்தி எழுதுகிறவன். அவள் ரேடியோக்காரி. உள்ளூர் ரேடியோவில் செய்தியைத் திரட்டி, எழுதி, தானே வாசிக்கிறவள். அந்த வீட்டில் மூன்றாவது ஆள் அவனுடைய அக்கா, தையல்காரி. வாயும் மிஷினும் ஒரே நேரத்தில் ஓடும், இரண்டில் எது முதலில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

அந்த நாத்தனார்தான் ஒரு நாள் காலை வெறும் பையோடு உள்ளே வந்தாள். ரேடியோக்காரி அப்போதுதான் காலைச் செய்தியை முடித்துவிட்டு வந்து, தொண்டைக்கு வெந்நீர் வைத்திருந்தாள்.

"ரொட்டி எங்க அண்ணி?"

"ரொட்டியா? கடையவே மூடிட்டாங்க."

"விடிஞ்சும் விடியாமலா? ஏன்?"

நாத்தனார் உட்காரவில்லை. பையைச் சுருட்டினாள், விரித்தாள், மறுபடி சுருட்டினாள். அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்ததுமே ரேடியோக்காரி அடுப்பை விட்டு அவள் அருகே வந்தாள்.

"வரிசையில எனக்கு முன்னாடி ஏழெட்டுப் பேரும்மா. கடைக்காரம்மா கல்லாவுல உக்காந்திருக்கா. பக்கத்துல அவ பொண்ணு நின்னு பன்னைப் பையில போட்டுக் குடுக்குது. ரேடியோ ஓடுது. உன் குரல் வந்துச்சு. நான் வேற முன்னாடி நின்னவர்கிட்ட, 'எங்க வீட்டுப் பொண்ணுதாங்க'ன்னு பீத்திக்கிட்டேன்."

"அப்புறம்?"

"பொண்ணுகிட்டத் தப்பா நடந்துகிட்ட நீச்சல் வாத்தியார் கேஸு, நாளைக்கு முக்கியமான சாட்சின்னு வாசிச்ச. குளத்துத் தெருவச் சேர்ந்த ஒரு சிறுமின்னு வாசிச்ச. வாசிச்சியா இல்லையா?"

"வாசிச்சேன். பேரு சொல்லல, ஸ்கூல் சொல்லல, வயசு சொல்லல. அந்தத் தெருவுல முன்னூறு வீடு இருக்கு அண்ணி."

"இருக்கட்டும். கல்லா ஓரத்துல ஒருத்தர் பேப்பர விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. அதே கேஸு. நம்ம தம்பி எழுதினது. நல்ல மனுஷந்தான் அவரு, வேணும்னு செய்யல. வாய்விட்டுப் படிக்கிற பழக்கம். 'விடியற்காலையில் ரொட்டி சுட்டுப் பிழைக்கும் ஒருவரின் மகள்'னு படிச்சாரு. படிச்சிட்டுத் தலையத் தூக்கினாரு பாரு... ரேடியோவப் பாத்தாரு, அடுப்பப் பாத்தாரு, அந்தப் பொண்ணப் பாத்தாரு."

ரேடியோக்காரி வாசலில் கிடந்த பத்திரிகையை எட்டிப் பார்த்தாள்.

"எல்லாரும் பாத்தாங்கம்மா. நானும் பாத்தேன். பாக்கக் கூடாதுன்னுதான் நெனச்சேன், கண்ணு கேக்கல. குளத்துத் தெருவுல ரொட்டிக் கடை வேற எங்க இருக்கு?"

"அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

"கையில இருந்த பைய மெதுவா மேசையில வெச்சுச்சு. உள்ள போயிடுச்சு. அவங்கம்மா எங்க யாரையும் பாக்காம ஷட்டர இழுத்து விட்டா. காசு குடுத்துட்டு நின்னவங்ககூட ரொட்டி கேக்கல. அப்படியே கலைஞ்சு போனோம்."

வெந்நீர் கொதித்து அடுப்பில் வழிந்தது. நாத்தனார்தான் போய் அணைத்தாள்.

வாசலில் கிடந்த பத்திரிகையை ரேடியோக்காரி எடுத்துவந்து மேசையில் விரித்தாள். சட்டப்படி ஒரு குறையும் இல்லாத செய்தி. பெயர் இல்லை, தெரு இல்லை, பள்ளிக்கூடம் இல்லை. ஊரில் ரொட்டிக் கடைகள் கணக்கில்லாமல் இருக்கின்றன, யார் மகள் என்று ஆரூடம் பார்த்தாலும் தெரியாது. அவளுடைய செய்தியும் அப்படித்தான். அவன் தெருவை மறைத்துத் தொழிலைச் சொன்னான், அவள் தொழிலை மறைத்துத் தெருவைச் சொன்னாள். இரண்டும் போய்ச் சந்தித்துக்கொண்ட இடம் அந்தக் கல்லா மேசை. அதுவும் அந்தப் பெண்ணின் கண்ணெதிரே.

போன வருஷம் ஸ்டேஷனில் ஒரு வகுப்பு வைத்தார்கள், செய்தி போடுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் என்று. வந்த வக்கீல் கடைசியில் ஒன்று சொன்னார். நீங்கள் மறைத்தால் மட்டும் போதாது, மற்றவர்கள் எதை மறைக்கிறார்கள் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், எல்லாரும் ஒரே விவரத்தை மறைக்க வேண்டும் என்றார். போட்டிப் பத்திரிகைக்காரன் நமக்கு எப்படிச் சொல்வான் என்று பின்வரிசையில் யாரோ கேட்க, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். போட்டிப் பத்திரிகைக்காரனோடு ஒரே தட்டில் பழம் நறுக்கித் தின்கிறவள், அவளும்தான் சிரித்தாள்.

கணவனுக்குப் போன் போட்டாள். அவன் கோர்ட் வராந்தாவில் இருந்தான்.

"நீச்சல் வாத்தியார் கேஸ்ல ரொட்டி சுடறவர்னு எழுதியிருக்கீங்க."

"என்ன இது, வேலையப் பத்தி..."

"சட்டம் கிடக்கட்டும். நான் காலையில தெருவச் சொல்லிட்டேங்க."



"எந்தத் தெரு?" என்று கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று குரலிலேயே தெரிந்தது.

மதியச் செய்தியில் அதே வரி மறுபடி வர இருந்தது. கழற்றிய செருப்பை மாட்டிக்கொண்டு அவள் திரும்ப ஸ்டேஷனுக்கு ஓடினாள். பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமையில்லை. நடந்தாள், பாதி வழியில் ஆட்டோ பிடித்தாள், போக்குவரத்தில் மாட்டிக்கொண்டதும் இறங்கி மறுபடி நடந்தாள். ஸ்டேஷன் மேனேஜர் கண்ணாடி அறைக்குள் போனோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்குச் செய்தி முன்னமே எட்டியிருந்தது.

"உக்காரும்மா. நம்ம வக்கீல்கிட்டப் பேசிட்டேன். நம்ம மேல ஒண்ணும் வராது. நாம சொன்னத வெச்சு யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது. பேப்பர்க்காரன் சொன்னதுக்கு நாம எப்படிப் பொறுப்பு?"

"அந்தப் பேப்பர்க்காரன் என் வீட்டுக்காரர் சார்."

"அதனாலதான் சொல்றேன், வாயத் திறக்காத. நீங்க ரெண்டு பேரும் பேசி வெச்சுப் பிரிச்சுப் போட்டீங்கன்னுதான் கேக்கிறவன் சொல்லுவான்."

"மதியம் அந்தச் செய்திய எடுத்துடலாம் சார்."

"எடுத்தா தப்பு பண்ணிட்டோம்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி. அப்படியே போகட்டும்."

"தப்பு பண்ணிட்டோமே."

மேனேஜர் போனை மேசையில் வைத்தார். கெட்ட மனுஷர் இல்லை. பதினோரு பேருக்குச் சம்பளம் போடுகிறவர், பயந்தவர்.

"சரி, திருத்தம் வாசிக்கிறியா? என்னன்னு வாசிப்ப? காலையில சொன்ன தெரு விவரத்த மறந்துடுங்கன்னா? காலையில காதுல வாங்காதவன்கூட மதியம் காதத் தீட்டிக்குவான். யோசிச்சுப் பாரு."

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னது அத்தனையும் உண்மை. சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் திருத்த வழியே கிடையாது. தப்பான விலையைச் சொன்னால் திருத்தலாம், செத்தவர் பெயரை மாற்றிச் சொன்னால்கூடத் திருத்தலாம். இதற்கு மட்டும் மருந்தே இல்லை.

மதியம் ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்தாள். அந்தச் செய்தி இருந்த தாளை மடித்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மிச்சம் விழுந்த நேரத்தை நிரப்ப வானிலையை இரண்டு தடவை வாசித்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேனேஜர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் நிமிரவில்லை. அன்று ஊரில் இரண்டு முறை லேசான மழைக்கு வாய்ப்பு இருந்தது.

"நாளையிலேர்ந்து நீ வாசிக்க வேண்டாம். நான் சொல்ற வரைக்கும்" என்றார் மேனேஜர்.

"சரி சார்" என்றாள். வேறு நாளாக இருந்தால் அழுதிருப்பாள்.

வெளியே வந்தவளுக்குக் கால் எங்கேயும் நிற்கவில்லை. குளத்துத் தெரு முனை வரை போனாள். ரொட்டிக் கடை ஷட்டர் தரை வரை இறங்கியிருந்தது. எதிர்க்கடை வாசலில் நான்கு பேர் நின்று அதைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டால் என்ன என்று தோன்றியது. தட்டினால் அந்த நான்கு பேரும் பார்ப்பார்கள், ரேடியோக்காரியே வந்துவிட்டாள் என்றால் அப்புறம் சந்தேகம் எதற்கு என்பார்கள். திரும்பி நடந்தாள். திரும்பி நடந்ததும் கோழைத்தனமாகத்தான் தோன்றியது.

அவள் வீட்டை நெருங்கும்போது போன் வந்தது. வழக்கை நடத்தும் அரசு வக்கீலம்மா.

"காலையில உங்க செய்தியையும் கேட்டேன், உங்க வீட்டுக்காரர் எழுதினதையும் படிச்சேன்" என்றாள் வக்கீலம்மா. திட்டுகிற குரல் இல்லை, களைத்த குரல். "பொண்ணோட அப்பா இப்பதான் பேசினாரு. நாளைக்கு வரமாட்டாங்களாம். அவ சாட்சி சொல்லலைன்னா கேஸ் நிக்காது. அந்த ஆள் அடுத்த வாரமே வேற ஒரு குளத்துல விசில் ஊதிக்கிட்டிருப்பான்."

"நான் என்ன செய்யணும் மேடம்?"

"கதவைச் சாத்தி, பத்திரிகைக்காரங்க யாரும் இல்லாம, ஜட்ஜ் அறையில விசாரிக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். எதிர்த்தரப்பு ஒத்துக்கல. பேரு எங்கயும் வெளிய வரல, எதுக்குக் கதவைச் சாத்தணும்ங்கிறாங்க. வெளிய வந்துடுச்சுன்னு நான் யார வெச்சுக் காட்டுறது? அந்தக் குடும்பத்தையே நிறுத்தி, ஊரே எங்களக் கண்டுபிடிச்சுடுச்சுன்னு சொல்லச் சொல்லவா?" காகிதம் புரட்டும் சத்தம் கேட்டது. "எழுதினவரும் வாசிச்சவங்களுமே வந்து சொன்னா ஜட்ஜால தட்ட முடியாது. ஆனா ஒண்ணு, உங்க மேல கோர்ட் அவமதிப்பு நடவடிக்கை வரலாம். அத நான் தடுக்க முடியாது. தடுக்கவும் மாட்டேன்."

"ரெண்டு பேரும் வரணுமா?"

"ஒருத்தர் வந்தா பாதிதானே."

கோர்ட்டு அன்று வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிட்டான். செருப்போடு கூடத்துக்குள் வந்து நின்றான். நாத்தனார் மிஷினை நிறுத்தினாள்.

ரேடியோக்காரி எல்லாவற்றையும் சொன்னாள். அவன் நின்றுகொண்டே கேட்டான்.

"நான் எழுதினதுல தப்பில்ல" என்றான். "எந்தக் கோர்ட்ல வேணாலும் போய் நிப்பேன். பேரு மறைச்சேன், தெருவ மறைச்சேன்."

"நானும் மறைச்சேன்."

"நீ ஏன் தெருவச் சொன்ன?"

"நீங்க ஏன் ரொட்டியச் சொன்னீங்க?"

"எனக்கு எப்படித் தெரியும் நீ..."

"எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

"கத்துங்க, நல்லாக் கத்துங்க" என்றாள் நாத்தனார். "இத்தனை வருஷமா வேலையப் பத்தி ஒரு வார்த்தை பேசாம ஊமையா இருந்தீங்கல்ல, எல்லாத்தையும் சேத்து இன்னைக்குக் கத்துங்க. அந்தக் கடையில கதவ அடைச்சுக்கிட்டு மூணு பேரு உக்காந்திருக்காங்க, அவங்களுக்கும் கேக்கட்டும்."

கத்தல் நின்றது. கோர்ட்டு ஜன்னல் வரை போனான், கதவு வரை வந்தான், மறுபடி ஜன்னலுக்குப் போனான்.

"கார்டப் பிடுங்கிடுவாங்க" என்றான். கோர்ட்டுக்குள் முன்வரிசையில் உட்கார்ந்து எழுத அவனுக்குக் கொடுத்திருந்த அனுமதி அட்டையைச் சொன்னான். "அது இல்லன்னா நான் யாரு? விளம்பரம் வாங்கத்தான் அனுப்புவாங்க."

"என்னைய ஏற்கெனவே வாசிக்க வேண்டாம்னுட்டாங்க."

அவன் அவளைப் பார்த்தான். அப்போதுதான் உட்கார்ந்தான்.

"தெருவச் சொல்லாம விட்டிருக்கலாம்" என்றாள் அவள், யாரும் கேட்காமலே. "செய்திக்கு அது தேவையே இல்ல. அந்தப் பக்கத்து வீடுங்கள்ல ரேடியோவக் கொஞ்சம் சத்தமா வெச்சுக் கேப்பாங்கன்னு போட்டேன். நம்ம தெருவச் சொல்றாங்கன்னா யாரா இருந்தாலும் நின்னு கேப்பாங்கல்ல. அதுக்காகத்தான்."

அவன் மேசையில் விரித்துக் கிடந்த பத்திரிகையைத் தன் பக்கம் இழுத்தான்.

"எல்லாத்தையும் வெட்டினதும் செய்தி செத்துப்போச்சு" என்றான். "உயிரே இல்ல. குற்றப்பத்திரிகையில அப்பா தொழில் இருந்துச்சு. விடியற்காலையில ரொட்டி சுடற அப்பான்னு போட்டதும் அந்த வரி நல்லா உக்காந்துச்சு. ஆசிரியர்கூடப் பாராட்டினாரு. அழகுக்காகப் போட்டேன்."

அதற்கு மேல் அவன் சட்டம் பேசவில்லை. ரேடியோக்காரிக்கு அவன்மேல் இருந்த கோபம் வடிந்துபோயிற்று. தன்மேல் இருந்த கோபம் அப்படியே இருந்தது.

மறுநாள் காலை அரசு வக்கீலம்மாவின் அறைக்கு வெளியே, பெஞ்சில் ரொட்டிக் கடைக்காரரும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி சொல்வது என்று இன்னும் முடிவாகவில்லை. கதவைச் சாத்தினால் யோசிக்கிறோம், சாத்தாவிட்டால் இப்படியே திரும்பிவிடுவோம் என்று சொல்லித்தான் வந்திருந்தார்கள். பெண் அறைக்குள் இருந்தாள். கடைக்காரர் கைகளைப் பிசைந்துகொண்டே இருந்தார். அடுப்பு வேலைக்காரரின் கைகள், ரோமம் கருகி வழவழவென்று இருந்தன. கோர்ட்டு அந்தக் கைகளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ரேடியோக்காரி அருகே போனாள். "அம்மா, நான்தான்..."

"தெரியும். குரலே சொல்லுதே" என்றாள் கடைக்காரம்மா. "தினம் காலையில உங்க குரலக் கேட்டுத்தான் ரெண்டாவது அடுக்கு ரொட்டிய வெளிய எடுப்பேன்."

"மன்னிச்சுடுங்கன்னு கேக்க வரல. கேக்கவும் முடியல."

"ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். நீங்களும் அவரும் ஒரே வீட்டுலதான இருக்கீங்க?"

"ஆமாம்மா."

"ஒரே மேசையில சாப்பிடுவீங்கல்ல?"

"ஆமா."

கடைக்காரம்மா அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. அவள் சத்தம் போட்டிருந்தால், அடித்திருந்தால்கூட ரேடியோக்காரி தாங்கியிருப்பாள்.

நீதிபதியின் அறையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து எழுந்து உட்கார்ந்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"யார் என்ன சொன்னீங்களோ, அதை அப்படியே படிங்க."

அவள் காலைச் செய்தியின் அந்த வரியை வாசித்தாள். எவ்வளவு அடக்கியும் அது ரேடியோக் குரலாகவே வந்தது. பிறகு அவன் பத்திரிகையைப் பார்த்துத் தன்னுடைய வரியைப் படித்தான். அழகாக உட்கார்ந்திருந்த அந்த வரியில் அவனுக்கு நாக்கு இரண்டு இடத்தில் தடுக்கியது.

"சேர்த்து வெச்சா யாருன்னு தெரியுது. அத ஒத்துக்கிறீங்க?"

"ஒத்துக்கிறோம்" என்றார்கள்.

"இது புருஷனும் பெண்டாட்டியும் போட்ட திட்டம் ஐயா" என்றார் எதிர்த்தரப்பு வக்கீல். "என் கட்சிக்காரர் மேல ஊரைத் தூண்டிவிட ஆளுக்குப் பாதியாப் பிரிச்சுப் போட்டிருக்காங்க."

"வீட்டுல பேசிக்கிட்டீங்களா?" என்று நீதிபதி கேட்டார்.

"இல்லீங்க ஐயா. வேலையப் பத்தி வீட்டுல பேசறதில்லன்னு வெச்சிருக்கோம்" என்றான் அவன்.

நீதிபதி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "இந்த நாற்காலியில உக்காந்து நான் கேட்டதிலேயே நம்ப முடியாத பதில் இதுதான்" என்றார். "பொய் சொல்றவங்க இதைவிட நல்லாச் சொல்வாங்க. அதனால நம்பறேன். தெரிஞ்சு செஞ்சிருந்தா குற்றம்னு சொல்லிட்டுப் போயிடலாம். தெரிஞ்சுக்காமலே இருக்கணும்னு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கீங்களே, அதுக்கு என்ன சொல்றது?" கையை நீட்டினார். "கார்டக் குடுங்க. உங்க விஷயம் அப்புறம் வரும். இப்ப கதவைச் சாத்தித்தான் விசாரணை."

அவன் அட்டையைச் சட்டையிலிருந்து கழற்றினான். ஊக்கு துணியில் மாட்டிக்கொண்டது, இழுத்ததில் பை ஓரம் கிழிந்தது. அட்டையை மேசைமேல் வைத்தான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அங்கேயே உடைந்திருப்பாள்.

அரசு வக்கீலம்மா தன் அறைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து வந்தாள்.

"பொண்ணு பேசறேன்னு சொல்றா ஐயா. ஒண்ணு மட்டும் கேக்கிறா." இருவர் பக்கமும் திரும்பினாள். "நீங்க ரெண்டு பேரும் இங்க இருக்கக் கூடாதாம். நீங்க போயிட்டீங்கன்னு அவங்கம்மா பாத்துச் சொன்னாத்தான் உள்ள வருவாளாம்."

நீதிபதி சொல்லும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை. இருவரும் எழுந்து வெளியே வந்தார்கள். வராந்தாவில் மற்றப் பத்திரிகைக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "கோர்ட்டு, உள்ள என்ன? ஏன் கதவு சாத்துறாங்க? ஒரு வார்த்தை சொல்லுப்பா." அவன் பதில் சொல்லாமல் கடந்துபோனான். கடைக்காரம்மா பெஞ்சிலிருந்து எழுந்து அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் அறைக் கதவைத் திறந்து மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். ரேடியோக்காரி திரும்பவில்லை. சின்னச் செருப்புச் சத்தம் மட்டும் முதுகுக்குப் பின்னால் போயிற்று.

வராந்தா திரும்பும் இடத்தில் ஒரு ஜன்னல் இருந்தது. அதன் கீழே இருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அந்த ஜன்னல் நீதிபதி அறையுடையது என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். எத்தனையோ வழக்குகளில் அங்கே நின்று காது கொடுத்து எழுதியிருக்கிறான்.

உள்ளே நாற்காலி நகர்ந்தது. யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். பிறகு ஒரு குரல் பேசத் தொடங்கியது. மெல்லிய குரல், ஆனால் நிற்காமல் பேசியது. முதல் இரண்டு சொற்கள் தெளிவாகவே காதில் விழுந்தன.

"இங்க உக்காந்தா கேக்கும்" என்றான் அவன்.

அவள் அவன் கையைப் பிடித்து எழுப்பினாள். படி இறங்கி, சைக்கிள்கள் நிற்கும் இடத்தையும் தாண்டி, அந்தக் குரல் சுத்தமாகக் கேட்காத தூரத்துக்குப் போய் இருவரும் வெயிலில் நின்றார்கள்.